மேல் ஹாலில் காத்திருந்தவர்கள்

கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போவதுதான் என் தொழில். பத்திரிகை வாங்கியவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு முன்வாசலில் நுழைவார்கள். நான் மடிக்கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் அறை வழியாக நுழைவேன். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாலே எங்கேயோ எதுவோ ஊத்திக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நானும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

எங்கள் கம்பெனி விற்பது உரு. இறந்துபோன அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் கல்யாணத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். பழைய வீடியோ, போனில் பேசின குரல், வீட்டார் சொல்லும் விவரம் எல்லாவற்றையும் போட்டு அந்த ஆளையே செய்து கொடுப்போம். மண்டபக் கூரையில் இருக்கும் விளக்குகள் அவரை ஒளியால் வரைந்துவிடும். தொடத்தான் முடியாது. மற்றபடி இருமுவார், பந்தியில் ரசம் இன்னும் வரவில்லையா என்று அதட்டுவார், சம்பந்தியிடம் மழையைப் பற்றிப் பேசுவார். முகூர்த்தம் முடிந்ததும் மணமக்களை ஆசீர்வாதம் செய்வார். அதோடு அவர் வேலை முடிந்தது, தானாகவே மறைந்துவிடுவார். ஆரம்பத்தில் இதைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. இப்போது நாதஸ்வரம், ஐஸ்கிரீம், உரு என்று மண்டபக்காரர்களே பேக்கேஜில் சேர்த்துவிட்டார்கள்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் தேவராஜண்ணன் கூப்பிட்டார். ஈரோட்டுப் பக்கம் மண்டபம் வைத்திருப்பவர், எங்களுடைய பழைய வாடிக்கையாளர்.

"ருக்குமணியக்கா, மானம் போகுதுங்க. நாளைக்கு முகூர்த்தம். இன்னிக்கு ஒத்திகையில பொண்ணோட அப்பாவைக் கூப்பிட்டோம். வந்தவரு பொண்ணையே பேரு மாத்திக் கூப்பிட்டுட்டாருங்க. அந்த அம்மிணி ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிச்சு."

"யாரு பேரைச் சொன்னாரு?"

"அக்கா பேரைங்க. அந்த அக்கா கல்யாணமும் மூணு வருசத்துக்கு முந்தி நம்ம மண்டபத்துலதான் நடந்துச்சு."

"சரி, வர்றேன்."

"அப்பறம் இன்னொன்னுங்க. உங்க புரோகிராம் ஆன் ஆறதுக்குள்ள எனக்கு வயசாயிருதுங்க. அதனால நான் ஆஃப் பண்றதே இல்ல. ஆடி மாசம் மண்டபத்தைப் பூட்டறப்ப ஆஃப், ஆவணி பொறந்தா ஆன். அதையும் சித்தெ பாத்துருங்க."

வந்த இடத்தில் இரண்டு வேலை. கோயம்புத்தூரிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

மணப்பெண் அறைக் கதவை நான் தட்டவில்லை. அவளே திறந்துகொண்டு வெளியே வந்தாள். பெயர் மிருதுளா. இரண்டு கையிலும் மருதாணி காயாமல் இருந்ததால் முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளியிருந்தாள். கால்நடை மருத்துவர் என்று தேவராஜண்ணன் சொல்லியிருந்தார். அழுத முகம்தான், ஆனால் பேச்சில் அழுகை இல்லை.

"நீங்கதான் கம்பெனியா?"

"கம்பெனில இருந்து வந்திருக்கேன்."

"எங்கப்பா செத்தப்ப நான் பிளஸ் டூ படிச்சுட்டிருந்தனுங்க. இருந்த வரைக்கும் அவருக்கு வாய் தொறந்தா கவிதான். என்னைக் கூப்பிடணும்னாலும் மொதல்ல கவி, அப்பறந்தான் மிருது. துணி எடுத்தா அவளுக்கு எடுத்த பொறவு எனக்கு. நான் குறை சொல்லலீங்க, நல்ல மனுசன். ஆனா என்ற கல்யாணத்துக்கு, இத்தனை செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்த பொறவும், மேடையில நின்னு, 'கவி, வா கண்ணு'ங்கறாரு. என்ற கல்யாணத்துலயாவது என்ற பேரு மொதல்ல வரக் கூடாதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பெண்களில் நடுப்பெண் நான். என் அப்பா என்னைக் கூப்பிடுவதற்குள் வீட்டில் இருக்கிற எல்லாப் பெயரும் ஒரு சுற்று வந்துவிடும். இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன விருந்துக்கு உறம்பரையாகவா வந்திருக்கிறேன்? "பாத்துச் சரி பண்ணிர்றேன்மா" என்றேன்.

"நாளைக்கும் அப்படியே கூப்பிட்டார்னா அவரு வரவே வேண்டாங்க. அம்மாவே தாரை வார்த்துக் குடுத்தாப் போதும்."

அவளுடைய அம்மா மைதிலி பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தனியாக என்னிடம் வந்து, "மேடம், சின்னவளுக்குன்னு புதுசாத்தானுங்க செய்யச் சொன்னோம். அவ படிச்சது, வேலைக்குப் போறது, மாப்ள ஊரு எல்லாம் நான்தான் உக்காந்து சொன்னேன். எப்படிங்க மாறும்?" என்று கேட்டார்.

எப்படி மாறும் என்று எனக்கு ஏற்கனவே ஒரு சந்தேகம் இருந்தது. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கணினி. திறந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் உருக்களின் எண்ணிக்கை என்று ஓர் இடம் உண்டு. சாதாரணமாக ஒன்று இருக்கும், மிஞ்சினால் இரண்டு. இங்கே இருந்த பெரிய எண்ணைப் பார்த்து எண் தெரியும் இடம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

"தேவராஜண்ணா, இவங்கள்லாம் நிக்கறதுக்கு எந்த இடத்தைக் குடுத்திருக்கீங்க?"

"எவங்கல்லாம்?"

"மாடியில என்ன இருக்கு?"

"மேல் ஹாலுங்க. காதுகுத்து, சீருக்கு வாடகைக்கு விட்டுட்டிருந்தோம். இப்ப பழைய சேர் அடுக்கி வெச்சிருக்கோம். விளக்கு, கேமரா, மைக்கு எல்லாம் அப்படியே இருக்கு."

மாடிக்குப் போனோம். தூசி. ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரைக்கும். மீதி இடத்தில் எப்போதோ வரிசையாகப் போட்ட நாற்காலிகள், எல்லாம் காலி. மடிக்கணினியைத் திறந்து, மறைந்திருக்கும் எல்லாரையும் காட்டு என்று கட்டளை கொடுத்தேன்.

கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஹால் நிறைய ஆட்கள். பட்டு வேட்டியில் அப்பாக்கள், அரக்குப் புடவையில் அம்மாக்கள், வெற்றிலை மென்றபடி இரண்டு மூன்று பெரியப்பாக்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பக்கத்து ஆளிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "முகூர்த்தமுங்களா? வரச் சொல்றாங்களா?" என்று எழுந்தார்.

"இல்லீங்க, உக்காருங்க" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. விளக்கை அணைத்தேன்.

தேவராஜண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அந்த ஊதாக்கரை வேட்டி கட்டினவரு... எங்க தங்கச்சி மாமனாருங்க. போன வருசம் பேத்தி கல்யாணத்துக்குச் செஞ்சோம். ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரே!"

"அன்னிக்குப் போயிட்டாரு. திரும்ப ஆவணில நீங்க ஆன் பண்ணுனீங்கல்ல, பழைய ஞாபகம் எதுவும் இல்லாமப் புதுசா வந்துட்டாரு."

"நான் கூப்பிடலையே!"

"யாரும் கூப்பிட வேண்டியதில்ல. அதானே வெனை. அண்ணா, ஒவ்வொரு உருவையும் எங்க ஆபீஸ்ல செஞ்சு முடிச்சதும், புரோகிராம் அதைத் தானாவே ஒரு லிஸ்ட்ல சேத்துக்கும். மண்டபத்தை ஆன் பண்ணினதும் அந்த லிஸ்ட்ல இருக்கற எல்லாரையும் உருவாக்கிரும். உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு கேக்காது. உருவாக்கி, மேல உக்கார வெச்சுரும். கூப்பிடற வரைக்கும் யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாங்க. ஆனா இருப்பாங்க. மைக்குல பேசறது அவங்களுக்குக் கேக்கும்."

"அப்ப அந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துர வேண்டியதுதானுங்களே?"

"ஒவ்வொருத்தரையும் கையால எடுத்து வெளிய வெக்கணும். செய்யறவங்க அதை மறந்துருவாங்க. எங்க ஆபீஸ்ல சேர்ற அத்தனை பேரும் மறக்கறதுதான். சோதிச்சுப் பாக்கறப்ப எல்லாம் ஒழுங்கா ஓடுமே, எதுக்கு ஞாபகம் வரப் போகுது?"

"அதான் ஆன் ஆக இத்தனை நேரமா!" என்றார் அவர். கூரை விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கரண்டு பில்லு வேற" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் படியிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். "உக்காந்திருக்கறவங்களைப் பாத்தீங்களா இல்லையா? கரண்டு பில்லாம்!"

"கோவிச்சுக்காதீங்க. அவங்களுக்கு... உணர்ச்சிகிணர்ச்சி இருக்குங்களா?"

"கோபப்படுவாங்க, அழுவாங்க, காத்திருப்பாங்க. உள்ளுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாதுங்க."

இருபது வருடமாக யார் கேட்டாலும் 'உருதானே, விடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மிருதுளாவின் அப்பாவைத் தேடினேன். பெயர் பூபதி. ஹாலில் நான்காவது வரிசையில் ஒரு பூபதி இருந்தார். கீழே மேடைக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல், இன்னொரு பூபதி தனியாக நின்றுகொண்டிருந்தார். என் சந்தேகம் சரிதான்.

மைதிலியையும் உட்காரவைத்துச் சொன்னேன். "உருவாக்கறப்பவே ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரை ஒட்டி விட்டுரும் இந்தப் புரோகிராம். அந்தப் பேரு மண்டபம் பூராத்துக்கும் தெரியும். மேடைக்கும் தெரியும், மைக்குக்கும் தெரியும். பூபதின்னு யாரு கூப்பிட்டாலும் அந்தப் பேரு ஒட்டியிருக்கற ஆளுதான் வருவாரு. உங்க பெரிய பொண்ணுக்குச் செஞ்சவரு லிஸ்ட்லயே இருந்துட்டாரு. ஆவணில இருந்து பேரு அவருகிட்ட இருக்கு. இப்ப சின்னப் பொண்ணுக்காக அதே அச்சுல இன்னொருத்தரைச் செஞ்சாங்க. செஞ்சவரு நல்லாத்தான் இருக்காரு. ஆனா பேரு அவருக்குப் போகல. பேரில்லாதவரை எப்படிக் கூப்பிடறது? அதான் மூத்தவ கல்யாணத்துக்கு வந்தவரே மறுபடி வந்து நின்னுட்டாரு."

மைதிலி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவரு... ஆவணில இருந்து மேலயே உக்காந்திருக்காருங்களா?"

"ஆமாங்க."

தலைப்பை எடுத்துவிட்டு, "அந்தப் பழைய ஆளை அழிச்சிருங்க மேடம். புள்ளை கல்யாணம் நல்லபடியா நடக்கணும்" என்றார். அவரைத் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை புருஷனைப் பறிகொடுத்தவர், இன்னொரு தடவை யோசித்து யோசித்துப் பறிகொடுப்பதைவிடச் சட்டென்று முடித்துவிட நினைக்கிறார்.

அழிப்பது ஒரே ஒரு வரிக் கட்டளைதான். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பேசிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். பூபதியை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, காதோரம் கொஞ்சம் நரை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்மா. நான் மேடையில தப்புப் பண்ணிட்டனாட்ட இருக்குதுங்க. புள்ளை அழுதுட்டுப் போயிருச்சு."

"அது கவிநயா இல்லீங்க. மிருதுளா."

"அப்படிங்களா!" அவர் முகம் மலர்ந்தது. "இத்தாப்பெரிசு வளர்ந்துட்டாளா? என்ற கண்ணுக்கு இன்னும் யூனிபாரம் போட்ட புள்ளையாத்தான் இருக்கறா. பட்டுச்சேலையைக் கட்டிட்டு வந்து நின்னதும் பெரியவளாட்டவே தெரிஞ்சுதுங்க." அப்புறம் மெதுவாக, "அப்ப பெரியவ கல்யாணம்?" என்று கேட்டார்.

"முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு. நீங்க வந்தீங்க. தாரை வார்த்தீங்க. நல்லா நடந்துச்சுன்னாங்க."

"வந்தனா? அப்பச் சரி." பெருமூச்சு விட்டார். "எனக்கு ஒரு ரோசனை ஓடிட்டேதான் இருந்துச்சுங்க. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கீழ மேளம் கேக்கும். மணமகள் இன்னாருன்னு மைக்குல சொல்வாங்க. நம்ம புள்ளை பேரு வருதான்னு காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பேன். வராது. இங்க எல்லாருக்கும் அதே கதைதான். சாயங்காலம் ஆனா, 'சரி, நாளைக்கு இருக்கும்'னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். மார்கழில ஒரு சத்தமும் இல்ல. நம்மளை மறந்துட்டாங்கன்னே நெனச்சோம். தை பொறந்ததும் மறுபடி மேளம் கேட்டுது பாருங், சிவகிரிக்கார அம்மா ஒருத்தங்க கையெடுத்துக் கும்பிட்டு அழுதுட்டாங்க."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவரே கேட்டார். "சின்னவளுக்கு வேற ஆளு செஞ்சிருப்பாங்களாட்ட இருக்குதே?"

"ஆமாங்க. கீழ நிக்கறாரு. உங்களை மாதிரியேதான். அவருக்கு உங்க பொண்ணு படிச்சது, வேலை பாக்கறது எல்லாம் தெரியும்."

"அப்ப அவரையே கூப்பிடுங். பேரையும் அவருக்கே குடுத்துருங். எனக்கு அவ என்ன படிச்சான்னுகூடத் தெரியாது. மேடையில நின்னு முழிச்சுட்டிருந்தா புள்ளைக்குத்தான் அவமானம்." கொஞ்சம் தயங்கினார். "அழிக்கறதுன்னா... நாளைக்கு மேளச் சத்தம் கேட்ட பொறவு அழிச்சுக்கறீங்களா? இத்தனை கல்யாணத்தைக் கேட்டாச்சு. நம்ம வீட்டுக் கல்யாணத்தைக் கேக்காமப் போறதுக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

சரி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். பெயரைப் புதியவருக்கு மாற்றினேன். லிஸ்ட்டில் இருந்த அத்தனை பேரையும் கையால் ஒவ்வொருவராக வெளியே எடுத்தேன். இனி ஆவணியில் தேவராஜண்ணன் ஆன் செய்தால் யாரும் தானாக வரமாட்டார்கள். ஆனால் ஏற்கனவே வந்துவிட்டவர்கள் வந்தவர்கள்தான். அவர்களை அழிக்கிற வரியை எழுதினேன், அதை ஓட்டாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் முகூர்த்தம் ஜோராக நடந்தது. பெயரைச் சொன்னதும் புதிய பூபதி மேடைக்கு வந்தார். "மிருதுளா, வா கண்ணு" என்றார், தெளிவாக, கணீரென்று. மைதிலி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அவர் கையை அருகில் வைத்துத் தாரை வார்த்தார். மாப்பிள்ளை ஆதவனிடம், "எம்புள்ளை மாட்டு ஆஸ்பத்திரியில வேலை பாக்குது, எந்நேரம் ஆனாலும் கூப்பிட்டாப் போகணும், மூஞ்சியைத் தூக்கக் கூடாது மாப்ள" என்று சொன்னார். கூட்டம் சிரித்தது. அட்சதை விழுந்தது. மணமக்கள் குனிந்தார்கள். கையை உயர்த்தி, "தீர்க்க ஆயுசா இருங்க" என்று சொல்லி மறைந்தார். எங்கள் கம்பெனி விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அத்தனை சுத்தம்.

மிருதுளா போட்டோவுக்குச் சிரித்தாள். கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் நேராக நான் இருந்த அறைக்கு வந்தாள், பின்னாலேயே ஆதவன்.

"எல்லாம் சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருந்துச்சுங்க. ரொம்பச் சரியா இருந்துச்சு." மாலையைப் பிய்த்துக்கொண்டே நின்றாள். "எங்கம்மா சொல்லிக் குடுத்ததை எங்கப்பா குரல்ல கேட்டாப்பல இருந்துச்சு. எங்கப்பா ஒரு நாளும் என்ற பேரை இப்படி முழுசாச் சொன்னதில்லீங்க. நேத்து வந்தவரை அழிச்சுட்டீங்களா?"

"இல்ல."

"கூப்பிடுங்களேன்."

"அவருக்கு இப்பப் பேரு இல்லம்மா. கூப்பிட முடியாது. பாக்கணும்னா நீதான் அவரு இருக்கற எடத்துக்குப் போகணும்."

கூட்டிக்கொண்டு போனேன். படியேறும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. ஹாலில் விளக்கைப் போட்டேன். வாசலில் நின்ற மிருதுளா, மாலையும் கழுத்துமாக, உள்ளே பார்த்து, "அப்பா!" என்று கூப்பிட்டாள்.

ஹாலில் இருந்த அத்தனை அப்பாக்களும் எழுந்து நின்றார்கள்.

அவள் பயந்து ஆதவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்தவர்கள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். தன் பெண் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக உட்காரப் போனார்கள்.

மிருதுளா என்னிடம் திரும்பி, "ஆசீர்வாதம் பண்ணினாப் போயிருவாங்கன்னீங்களே. இவங்களுக்கு அது தெரியுங்களா?" என்றாள்.

"தெரியும். அதுக்குத்தானே உக்காந்திருக்காங்க."

அவள் முன்வரிசையில் முதல் ஆளிடம் போனாள். முந்தின நாள் 'முகூர்த்தமுங்களா' என்று கேட்டாரே, அந்த அம்மாள். "எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்று காலடியில் விழுந்தாள். ஆதவனும் புரிந்தும் புரியாமலும் கூடவே விழுந்தான். அந்த அம்மாளுக்கு உதடு துடித்தது. "எம்புள்ளை இல்லீன்னா என்ன, புள்ளைதானே. நல்லா இருங்க சாமி" என்று இரண்டு கையையும் உயர்த்தினார். அந்த நாற்காலி காலியானது.

அடுத்தவர். அதற்கடுத்தவர். ஒவ்வொருவரும் தன் பெண்ணுக்கென்று வைத்திருந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் பெண் பிள்ளையாகப் பெறு என்றார். ஒருவர் மாமியாரிடம் வாயைக் குறை என்று புத்தி சொல்லிவிட்டு மறைந்தார். தேவராஜண்ணன் தங்கையின் மாமனார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு, நின்றுகொண்டு தின்னாதே என்றார். ஆதவனுக்கு முட்டி வலித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தான். அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான்காவது வரிசையில் பூபதியைத் தாண்டிப் போனாள். தெரிந்துதான் தாண்டினாள். கடைசி வரிசை வரைக்கும் முடித்துவிட்டு, காலியான ஹாலில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலில் விழவில்லை.

"என்ன படிச்சே கண்ணு?" என்று கேட்டார் அவர்.

"மாட்டு டாக்டருங்ப்பா."

"நெசமாலுமா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எருமைக்குப் பயந்துக்கிட்டு காம்பவுண்டு மேல ஏறி உக்காந்த ஆளு நீயி!"

"இப்பவும் பயந்தானுங்க. காட்டிக்கறதில்ல."

அவர் ஆதவனைப் பார்த்தார், என்ன ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். கவிக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். பெண் குழந்தை என்றாள். யார் சாயல் என்றார். உங்கள் சாயல்தான், கோபம் வந்தால் மூக்கு விடைக்கிறது என்றாள். புதிய பூபதிக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது, அதனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கீழே மைக்கில் மணமக்களைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

மிருதுளா எழுந்தாள். "நான் இன்னிக்குக் கால்ல விழ மாட்டனுங்ப்பா. நாளைக்கு வர்றேன். மறுவீட்டுக்குப் போயிட்டு வந்து மறுபடி வர்றேன். நீங்க இங்கயே இருங்க." என்னைப் பார்த்து, "இருக்கலாந்தானுங்களே?" என்று கேட்டாள்.

"ஆடியில ஆஃப் பண்ற வரைக்கும் இருக்கலாம்" என்றேன்.

"ஆஃப் பண்ண வேண்டாம்னு நான் தேவராஜ் மாமாகிட்டச் சொல்லிக்கறேன்."

பூபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பேசுவதற்குத் துணைக்கு ஓர் ஆள் இல்லை. அதற்காகத்தானா, அல்லது புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை எந்தத் தகப்பனும் வெறுமனே அனுப்பமாட்டான் என்பதற்காகவா, எனக்குத் தெரியாது. எழுந்து நின்றார்.

"மிருது" என்றார். முன்னால் வேறு பெயர் எதுவும் வரவில்லை.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, வேண்டாங்ப்பா, இருங்க..."

"நல்லா இரு கண்ணு" என்று கையை உயர்த்தினார்.

நாற்காலி காலியாக இருந்தது. மிருதுளா அதன் எதிரிலேயே நின்றாள். கீழே மைக்கில் மறுபடியும் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து. ஆதவன்தான் படிக்கட்டுப் பக்கம் போய், "வர்றோமுங்க" என்று குரல் கொடுத்தான்.